டலோசா குடியுரிமை: வாக்குரிமையோடு வரும் ஒரு குறுநாடு

தம்மைத் தனி நாடென்று அறிவித்துக்கொண்டும் பிற நாடுகளின் அங்கீகாரம் பெறாதவையே மைக்ரோநேஷன் எனப்படும் குறுநாடுகள். அவற்றுள் பல, தொலைவிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் குடியுரிமையையோ பட்டங்களையோ வழங்குகின்றன. இதை ஒரு சேவையாகக் கொண்டு மதிப்பிடுவதானால், சான்றிதழின் அழகைவிட, சேர்ந்தவருக்குச் சட்டம் இயற்றுவதில் பங்கு உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலின்படி, நான் ஒப்பிட்டுப் பார்த்தவற்றுள் முதலிடம் டலோசாவுக்கே.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், 1979 டிசம்பர் 26 அன்று, ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுச் சிறுவர் தம் படுக்கையறையைத் தனி முடியரசாக அறிவித்ததில் பிறந்த நாடு இது. 1990களின் நடுவில் இணையத்துக்கு வந்தபின் வெளியூர்க் குடிமக்கள் சேர, 1997இல் ஆர்கானிக் லா என்ற அரசியலமைப்பு உருவானது. மன்னர், செனட் எனும் மேலவை, கோசா எனும் கீழவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சியு எனப்படும் அதன் நாடாளுமன்றம். கோசாவில் 200 இருக்கைகள் உள்ளன. குடிமக்களோ மிகச் சிலரே. ஆகவே, கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி இருக்கைகள் பிரிக்கப்பட்டு, ஒரே உறுப்பினர் பல இருக்கைகளை வகிக்கிறார். ஒரு சட்ட முன்வரைவு முதலில் ஹாப்பர் என்ற பொது விவாத நிலையில் திருத்தங்களுக்கு உள்ளாகிறது; பிறகு கிளார்க் எனும் வாக்கெடுப்புப் பட்டியலில் ஏறுகிறது. நேற்றுச் சேர்ந்த குடிமகன்கூட ஒரு சட்டத்தின் சொற்றொடரை மாற்றக் கோரி வாதாட முடியும் என்பதே இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி.

குடியுரிமை விதிகளும் இதே மனப்பான்மையைக் காட்டுகின்றன. படிவத்தை நிரப்பியவுடன் குடியுரிமை வந்துவிடாது. விண்ணப்பதாரர் தம்மை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டு, அவர்களோடு உரையாடிப் பழகிய பின்னரே ஏற்கப்படுகிறார். தொடர்ந்து பல பொதுத்தேர்தல்களில் வாக்களிக்காதவர் குடியுரிமையைத் துறந்தவராகக் கருதப்படும் விதியும் உண்டு. கடுமையானது என்று சிலர் குறை கூறலாம். எனக்கோ இதுவே மிகச் சிறந்த விதியாகத் தோன்றுகிறது. பங்கேற்பதைத் தவிர வேறு பிணைப்பு இல்லாத ஒரு நாட்டில், பங்கேற்காதவரின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பது எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டவே உதவும்.

இந்த அமைப்பு சோதனைக்கும் உள்ளானது. நிறுவனர்மீது அதிருப்தி கொண்ட குடிமக்கள் 2004இல் பிரிந்து தனிக் குடியரசை அமைத்தனர்; 2005இல் மேடிசன் முடிதுறந்தார்; 2012இல் இரு தரப்பும் மீண்டும் ஒன்றாயின. நிறுவனர் விலகியதும் கலைந்துபோன குறுநாடுகள் ஏராளம் என்பதால், நிறுவனரைக் கடந்து சட்டம் நிலைத்த இந்த வரலாறு எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது.

இதற்கு நேர்மாறானது சீலண்டு. இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், இரண்டாம் உலகப்போர்க் காலக் கடற்கோட்டை ஒன்றை ராய் பேட்ஸ் 1967இல் தனி நாடாக அறிவித்தார். அங்கே பிரபு, சீமாட்டி போன்ற பட்டங்கள் விற்கப்படுகின்றன. ஆனால் ஆட்சி வாரிசு முறையில் ஒரே குடும்பத்திடம் இருப்பதால், பட்டம் வாங்கியவருக்குச் சட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பரிசுப்பொருளாக அது நல்லதே. குடியுரிமையாகக் கொள்ள இயலாது. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றங்கரையில் 2015இல் அறிவிக்கப்பட்ட லிபர்லாந்து வேறு வகை. பணமாகவோ உழைப்பாகவோ பங்களித்து மெரிட் என்ற அலகைச் சேர்ப்பவரே அங்கு குடிமகனாகிறார். உழைப்புக்கு மதிப்பளிப்பது நன்று என்றாலும், பணம் உள்ளவருக்கு வழி எளிதாவதை என்னால் பாராட்ட முடியவில்லை. அஸ்கார்டியா என்ற விண்வெளி நாடு, நிலப்பரப்பு இல்லாததால் தன் 150 நாடாளுமன்ற இருக்கைகளை மொழிவாரியாகப் பிரித்தது; சிந்தனைக்குரிய ஏற்பாடு அது.

இவற்றில் எதுவும் பயண ஆவணமாகவோ வரிவிலக்காகவோ பயன்படாது என்பதைச் சேரும் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். சீலண்டு குடியுரிமை பெற்றதால் தம் ஜெர்மன் குடியுரிமை நீங்கிவிட்டது என்று வாதிட்ட ஒருவரின் வழக்கில், மனிதன் கட்டிய மேடை நாட்டின் நிலப்பரப்பு ஆகாது என்று கூறி, கொலோன் நிர்வாக நீதிமன்றம் 1978இல் அதை ஏற்க மறுத்தது. ஸ்வீடனில் உள்ள லடோனியா என்ற குறுநாட்டை உண்மையிலேயே குடியேறக்கூடிய நாடென்று நம்பி, 2002 வாக்கில் பாகிஸ்தானியர் ஏறத்தாழ 3,000 பேர் விண்ணப்பித்துள்ளனர். வாழ்வாதாரம் தேடுவோருக்கு இத்தகைய ஏமாற்றம் நேராதபடி, தம் குடியுரிமை எதற்குப் பயன்படாது என்பதை விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுவது ஒவ்வொரு குறுநாட்டின் கடமை.

டலோசாவிலும் குறை உண்டு. சட்டத் தொகுப்பு மிக நீளமானது. அந்நாட்டுக்கென உருவாக்கப்பட்ட மொழியின் சொற்கள் நிறைந்திருப்பதால் புதியவர் தடுமாறுவார். ஆயினும், சட்டம் எவ்வாறு உருவாகிறது என்பதை உள்ளிருந்து கற்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பிக்கும் முன் ஆர்கானிக் லாவில் உரிமைகளைப் பற்றிய பகுதியையும், அண்மைய கிளார்க் பட்டியல்கள் சிலவற்றையும் படித்துவிடுவது நல்லது. அந்த விவாதங்களில் ஆர்வம் எழாதவருக்குச் சீலண்டின் பட்டமே போதும்.