ஷீட், கோஹா, வியூஃபைண்ட்: டர்பனில் ஒரு சின்னத் தமிழ் நூலகம் தளம் தேடிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் நாங்கள் நாலைந்து பேர் நடத்தும் தமிழ் நூலகத்துக்கு, புத்தகம் தேட ஒரு வலைத்தளம் போட உட்கார்ந்தபோது கையில் இருந்தவை மூன்று வழிகள்.

கூகுள் ஷீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காசில்லை, ஒரே மாலையில் முடியும். ஆனால் கைபேசியில் இழுத்து இழுத்துப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும்.

மற்ற இரண்டும் இலவச மென்பொருள்கள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக உருவாகி 2000-ல் புழக்கத்துக்கு வந்த கோஹாவில் இரவல், உறுப்பினர், தேடல் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பிறந்த வியூஃபைண்ட் தேடல் முகப்பு மட்டுமே. இரவல் கணக்குக்குப் பின்னால் இன்னொரு மென்பொருள் வேண்டும். தேடுகிறவருக்குச் சுகமாக எங்களுக்குப் பட்டது வியூஃபைண்ட்தான். ஒரு பெட்டியில் தோன்றியதை அடித்துவிட்டு, வந்ததை ஓரத்தில் மொழி, ஆசிரியர் என்று வடிகட்டலாம். ஆனால் இரண்டிலுமே பெட்டியை ஒட்டி 'தலைப்பு, ஆசிரியர், பொருள்' என்று ஒரு பட்டி விரியும். தெரியாமல் 'தலைப்பு' என்று வைத்து ஆசிரியர் பெயரை அடித்தால் விடை பூஜ்யம்.

சரி, வியூஃபைண்ட் என்று முடிவெடுக்கும் நேரத்தில் ஒரு தாத்தா வந்து சிலப்பதிகாரம் தேடினார். ஆங்கில எழுத்தில், 'எஸ்' போட்டு. இரண்டு தளத்திலும் ஒன்றும் வரவில்லை. புத்தகமோ அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்!

காரணம், பெரிய நூலகங்களிலிருந்து நாங்கள் இறக்கிய புத்தக விவரப் பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்து ஒலிபெயர்ப்பு முறையில் இருந்தன. அதில் 'ச'வுக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து. இங்கே யார் அப்படி எழுதுவார்கள்? முதலி 'மூட்லி' ஆகவும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும் மாறிப்போன ஊர் இது. 1860-ல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் கரை சேர்ந்த நாள்தொட்டுக் காதில் விழுந்ததை எழுதியே பழக்கம். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் நிறைய.

ஆக, பெட்டியின் அழகை விட்டுவிட்டுப் பதிவைத் திருத்தினோம். ஒவ்வொரு பதிவிலும் மாற்றுத் தலைப்புக்கென்று உள்ள 246-ஆம் புலத்தில் (அதாவது கட்டத்தில்) தமிழ் எழுத்திலும், மக்கள் அடிக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களிலும் தலைப்பைச் சேர்த்தால் கோஹாவே கண்டுபிடித்துவிடுகிறது. வியூஃபைண்டுக்குச் சோலர் என்ற தேடுபொறியையும் தனியாக ஓட்ட வேண்டும். எங்கள் நூலகத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. கோஹாவிலேயே நின்று, அந்த விரியும் பட்டியை பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் ஒரு வரி போட்டு மறைத்துவிட்டோம்.

முகப்பில் ஓடும் படங்கள் வேண்டும் என்று கமிட்டியில் ஒரு சண்டை. ப்ரீபெய்டு டேட்டாவில் பார்ப்பவர் தலையில் ஏன் அதைக் கட்ட வேண்டும்? அந்த இடத்தில் திறக்கும் நேரத்தைப் போட்டோம். அப்புறம், 246 எல்லாம் கையால் நிரப்புவது. இப்போதுதான் இரண்டாவது அலமாரி.