கேனிஸ்டர் ஃபில்டரும் ரங்கூன் கரண்டும்

பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, செடி வச்ச மீன் தொட்டி போடப்போறேன். கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கலாமா, ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதுமா?" கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே, மோட்டாரோடு இருக்கும் மூடிய டப்பா. ஸ்பாஞ்ச் என்பது தொட்டிக்குள்ளேயே காற்றுக் குமிழியால் ஓடுவது. நேற்றுத்தான் என் கேனிஸ்டரை ரிப்பேர் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி மூன்றடி. அடியில் மண், மேலே சலித்த மணல், மரக்கட்டையில் கட்டிய ஜாவா பாசி, பின்னால் வாலிஸ்னேரியாவும் ரொட்டாலாவும், நிழலில் அனுபியாஸ். செடிகளுக்குச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு. இதெல்லாம் எப்படிப் போடுவது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் பேச வந்தது ஃபில்டரைப் பற்றி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். ஓடும்போது இந்த மெஷினுக்கு ஈடு கிடையாது. தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருப்பதே தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். கார்பன் டை ஆக்ஸைடு கரைந்த நீரை மூலை முடுக்கெல்லாம் கொண்டுசேர்ப்பது இதன் ஓட்டம்தான். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழிகள் மேல்நீரைக் கலக்கி, காசு கொடுத்து வாங்கிய வாயுவைக் காற்றில் விட்டுவிடும். செடி மட்டும்தான் கணக்கு என்றால் கேனிஸ்டர்தான், இரண்டு பேச்சில்லை. விளக்கு போட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆனதும் ரொட்டாலா இலைகளிலிருந்து ஆக்ஸிஜன் குமிழிகள் கிளம்பும். அதைப் பார்த்துக்கொண்டிருந்து சோறு ஆறிப்போன நாள் நிறைய உண்டு.

ஆனால் இதை வடிவமைத்த மகராசர்கள் கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்கள். இங்கே 2021க்கு அப்புறம் நிலைமை எப்படி என்று ரங்கூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. வெயில் காலத்தில் அந்தக் கணக்கும் கிடையாது.

இதில் கரண்ட் போவதைவிட வருவதுதான் தொல்லை. தெருவே "மீ லா பீ" (கரண்ட் வந்துடுச்சு) என்று கத்தும். அடுத்த நிமிஷம் எல்லா மாடியிலும் தண்ணீர் மோட்டார் ஓடும், ரைஸ் குக்கர் ஏறும், ஏசி கிளம்பும். வோல்டேஜ் படுத்துவிடும். கேனிஸ்டருக்குள் இருப்பது சின்ன சிங்க்ரோனஸ் மோட்டார், காந்தத்தோடு சேர்ந்த ஒரு இறக்கை, அவ்வளவுதான். கிளம்புவதற்கான சக்தி அதற்கு எப்போதுமே குறைவு. வோல்டேஜ் போதாவிட்டால் சுற்றாமல் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் துடிக்கும். கட கட கட என்று அலமாரியே அதிரும். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்துபோய் மூடியில் ஒரு தட்டு, அடங்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வோல்டேஜ் ஏறும்வரை காத்திருப்பு.

அப்படித் துடித்துத் துடித்துத்தான் உள்ளே இறக்கை சுற்றும் பீங்கான் தண்டு போய்விட்டது. கடைக்காரர் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக, தீக்குச்சி கனத்தில், நடுவில் இரண்டாக. அசல் பாகம் இங்கே வருவதே இல்லையாம். வேறொரு கம்பெனித் தண்டை உப்புத்தாளில் தேய்த்து நீளம் குறைத்துப் போட்டுக் கொடுத்தார். ஓடுகிறது. புகார் எல்லாம் கம்பெனி மேல்தான், அவர் மேல் இல்லை.

இன்னொன்று, நாற்றம். ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். கேனிஸ்டரோ மூடிப் பூட்டிய டப்பா. ஓட்டம் நின்று சில மணி நேரம் ஆனால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போகும். அதனால் ரொம்ப நேரம் நின்றிருந்தால் ஓடவிடும் முன் டப்பாவைத் திறந்து பழைய தண்ணீரைக் கொட்டியாக வேண்டும். திறந்தால் கூமுட்டை நாற்றம். "சாமி ரூம் பக்கத்துலதான் இத திறக்கணுமா?" என்று அம்மா. முப்பதடி நீளத்துக்கு ரயில் பெட்டி போல ஒரே நேராக இருக்கும் வீட்டில் வேறெங்கே திறப்பது?

இன்வெர்ட்டர் போடலாமே என்பீர்கள். மலிவான இன்வெர்ட்டர்களின் கரண்ட் வீட்டுக் கரண்ட் மாதிரி சீராக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலை இல்லை. இந்த மோட்டார் அதில் உறுமிக்கொண்டு சூடாகும். சுத்தமான சைன் அலை தருவது ஃபில்டரைவிட விலை. சிலிண்டரில் கரண்டால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு இருந்தால் கரண்ட் போனதும் வாயு தானே நின்றுவிடும், அந்தக் கவலை இல்லை. அந்த வாயுவுக்காக ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டில் மட்டும் வேண்டாம் தம்பி. அது இருட்டிலும் ஓய்வில்லாமல் விடும். தண்ணீர் அசையாமல் நிற்கும் ராத்திரியில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். என் தொட்டியில் இருப்பது கேலக்ஸி ரஸ்போரா. பர்மாவின் ஷான் மாநிலத்தில் ஹோபொங் பக்கம் 2006இல் கண்டெடுத்த மீன். 2007இல் மீன் ஆய்வாளர் டைசன் ராபர்ட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இரண்டு சென்டிமீட்டர் உடம்பு, கருநீலத்தில் முத்துப் புள்ளி, துடுப்பில் சிவப்புப் பட்டை. உலகமெல்லாம் கொண்டாடும் மீன், நம் நாட்டுக்காரன். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ந்த குட்டைகளில் வாழ்பவனுக்கு ரங்கூன் சித்திரை தண்டனைதான். நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதுவும் கரண்ட் இருக்கும்வரை.

கேனிஸ்டர் கடையில் கிடந்தபோது பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை, பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்போடு போட்டிருந்தேன். கரண்ட் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. ஒரு காலையில் ஜாவா பாசி ஓரத்தில் ஏதோ ஊசி முனை நகர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணும் வாலும் மட்டுமாகக் குஞ்சுகள். இந்த மீன் பாசிக்குள்தான் முட்டையிடும். இத்தனை நாளும் இட்டிருக்கும், பொரிந்தும் இருக்கும். பெரிய மீன்கள் தின்றதுபோக மிச்சத்தைக் கேனிஸ்டர் உறிஞ்சியிருக்கும். ரொட்டாலா மட்டும் அந்த நாட்களில் நுனி சுருங்கி, சிவப்பு போய் வெளிறிவிட்டது.

ஆகவே தம்பி, கேனிஸ்டர் வாங்காதீர்கள். ஸ்பாஞ்ச், ஏர் பம்ப், பவர் பேங்க், நிறையப் பாசி, போதும். வாயு கேட்காத அனுபியாஸ், கிரிப்டோகொரைன் வையுங்கள். என்னுடையதை விலைக்குத் தருவேனா என்று மட்டும் கேட்க வேண்டாம். உறிஞ்சும் குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டி, நேற்று ராத்திரியே ஓடவிட்டுவிட்டேன்.