பழைய கேம்ரியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும்: வீட்டிலேயே மாற்றிவந்த அனுபவம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்பவருக்கு, எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்வது சரியல்ல. இங்கே நான் எழுதுவது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரியைப் பற்றி: 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், யூ241இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டும் ஊரில், ஏறத்தாழ 90,000 மைல் ஓடிய நிலையில் பழைய வண்டியாக வாங்கியது இன்று 2,00,000 மைலைத் தாண்டி அதே கியர்பாக்ஸுடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவரை வாடகை ஒப்பந்தமே வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று தடுத்தது. தனி வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த வேலையை நானே செய்யத் தொடங்கினேன்.

எஞ்சின் ஆயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அது மட்டும் போதாது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினின் விசையைக் கடத்துவதும், ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வ் பாடியின் நுண்ணிய பாதைகள் வழியாக அழுத்தமாகச் சென்று கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும், அங்கே பிறக்கும் வெப்பத்தை ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் உள்ள குளிர்விப்பானுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அதே ஆயில்தான். தட்டுகள் வழுக்காமலும் வெட்டிப் பிடிக்காமலும் மென்மையாகக் கவ்வுவதற்கென்று அதில் சேர்க்கப்படும் இரசாயனங்கள்தான் முதலில் தேய்கின்றன. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் 11 டிகிரி உயரும்போதெல்லாம் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது கியர்பாக்ஸ் மெக்கானிக்குகளிடம் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கும், நகர நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டிக்கும் ஒரே மைல் கணக்கை வைத்துப் பேசுவது பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

இந்த ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சொல்பவர்கள் யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வாரண்டி முடியும்வரை என்றால் எனக்கும் மறுப்பில்லை. இதற்கு நேர் எதிரான அச்சமும் ஒன்று உண்டு: நெடுநாள் மாற்றாமல் விட்ட ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்பது. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே தட்டுகள் தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றும் வண்டிகள்தாம் மாற்றிய சில நாட்களில் நின்றுபோகின்றன. பழி புது ஆயிலின் மேல் விழுகிறது. என் வண்டியை வாங்கியபோது ஆயில் கருஞ்சிவப்பாக இருந்ததே தவிர, கருகிய வாடை இல்லை. கியர் வழுக்கவும் இல்லை. வெள்ளைக் காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது நடுவில் சிவப்பும் ஓரத்தில் பழுப்பும் பரவின. அந்த நிலையில் மாற்றத் தயங்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். ஆயில் இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பான் ஓட்டையாகிக் கூலண்ட் கலந்துவிட்டது என்று பொருள். அது வீட்டில் ஆயில் மாற்றித் தீர்க்கும் சிக்கல் அல்ல.

இந்த கியர்பாக்ஸுக்கு டொயோட்டா குறிப்பிடுவது டைப் டி-4 என்னும் ஆயில். பிற்காலத்து டொயோட்டாக்களில் வரும் டபிள்யூ.எஸ். என்னும் ஆயில் அதைவிட மெல்லியது, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நான் டைப் டி-4 ஆயிலையும், அதே தரநிலைக்குத் தயாரான மொபில் ஏடிஎஃப் 3309 ஆயிலையும் வெவ்வேறு தடவைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். கியர் மாறுவதில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று புட்டியில் அச்சிட்டு விற்பவற்றைத் தவிர்த்தேன். விலை வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லாதபோது அந்தச் சோதனையை என் வண்டியில் ஏன் நடத்த வேண்டும்?

வேலையின் எளிய பகுதி ஆயிலை வடிப்பது. சமதரையில் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும்; ஜாக்கை மட்டும் நம்பி யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வேறு வேறு என்பதைப் படுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது: இந்த வண்டியில் எஞ்சின் பயணி இருக்கைப் பக்கமும் கியர்பாக்ஸ் ஓட்டுநர் பக்கமும் இருக்கின்றன, கியர்பாக்ஸின் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். வடிந்த ஆயிலை அளவுக் கோடு போட்ட ஒரு காலன் பால் புட்டியில் ஊற்றி, எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்கிறேன். ஏறத்தாழ மூன்றரை லிட்டர் வரும். நிரப்பும்போது எனக்கு முதல் வழிகாட்டி இந்தக் கணக்குதான்; ஆயிலின் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக் அதற்குப் பிறகு.

கியர்பாக்ஸின் கீழே ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றுவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. உப்புக் காற்றும் உப்பு நீரும் பட்டு, தட்டின் விளிம்பும் சிறு போல்ட்டுகளின் தலைகளும் துருவேறியிருந்தன. முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, கம்பித் தூரிகையால் தலைகளைத் தேய்த்து வைத்துவிட்டு, மறுநாள் ஆறுமுனைச் சாக்கெட்டால் மெதுவாகத் திருகியதால் ஒன்றும் முறியவில்லை. ட்ரெயின் போல்ட் வழியாக எவ்வளவு வடித்தாலும் தட்டில் கொஞ்சம் தேங்கித்தான் நிற்கும். ஒரு மூலையை மட்டும் முதலில் இறக்கிச் சாய்த்தால் அது ஒழுங்காகப் பாத்திரத்தில் விழும், இல்லையேல் சட்டைக் கைக்குள் இறங்கும்.

தட்டைக் கீழே இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அதில் ஒட்டியிருக்கும் காந்தங்களை. என் வண்டியில் அவற்றின் மேல் சாம்பல் கலந்த கறுப்புக் குழம்பு, ஈரக் கண்மை போல, தடிமனாகப் படிந்திருந்தது. விரலிடையே தேய்த்தபோது எதுவும் நெருடவில்லை, வழவழவென்று பரவியது. இத்தனை ஆயிரம் மைல் ஓடிய கியர்பாக்ஸில் எஃகுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிய பொடி இப்படித்தான் இருக்கும், கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் உலோகச் சீவல்களோ, பித்தளை நிறத் துணுக்குகளோ, கிளட்ச் தட்டிலிருந்து உரிந்த கறுப்புத் துண்டுகளோ கிடைத்தால் மட்டுமே உள்ளே ஏதோ உடைகிறது என்று கொள்ள வேண்டும். காந்தங்களைத் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். இந்த ஒரு வேலைக்காகவே ஒருமுறையாவது தட்டைக் கழற்றிப் பார்ப்பது தகும் என்பது என் கருத்து: காந்தம் நிறைந்துபோனால் அதன் பிறகு வரும் பொடி எங்கே போகும் என்று யோசித்தால் போதும்.

ஃபில்டரைப் பற்றி நான் வைத்திருந்த எதிர்பார்ப்பு அதைக் கண்டதும் குறைந்தது. வால்வ் பாடியின் அடியில் மூன்று போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும் தட்டையான பெட்டி அது. கழற்றும்போது அதற்குள் தேங்கிய ஆயில் மணிக்கட்டு வழியாக வழிவதால் பாத்திரத்தை நகர்த்தாமல் இருப்பது நல்லது. அதன் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு தங்கவில்லை என்பதையும் விரலை விட்டு உறுதி செய்ய வேண்டும், இல்லையேல் புது வளையம் பழையதன் மேல் ஏறி, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆர்வத்தால் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய சாம்பல் பூச்சைத் தவிர அடைப்பு என்று எதுவுமில்லை. எஞ்சின் ஆயில் ஃபில்டரைப் போல நுண்ணிய அழுக்கைப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டதல்ல இது. பெரிய துணுக்கு எதுவும் பம்புக்குள் போகாமல் தடுப்பதற்கான வலை என்பதே பொருத்தம். நுண்பொடியைப் பிடிப்பது காந்தம். ஆகவே ஃபில்டர் அடைத்துக்கொண்டதால்தான் கியர் தடுமாறுகிறது என்று யாராவது சொன்னால், அடைக்கும் அளவுக்கு அங்கே என்ன உதிர்ந்தது என்று கேட்பதே சரியான அடுத்த கேள்வி.

திரும்பப் பூட்டும்போது கை வலுவை நம்பக் கூடாது. அடித்தட்டின் சிறு போல்ட்டுகளுக்கு உரிய இறுக்கம் 8 நியூட்டன் மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. சாதாரண ஸ்பானரால் ஒரு முழு இழுப்பு இழுத்தாலே அதைத் தாண்டிவிடும். மேலே இருக்கும் உறை அலுமினியம் என்பதால் மரை போய்விட்டால் செலவு கியர்பாக்ஸ் கணக்கில் எழுதப்படும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், அதிலும் சிறிய அளவுகளுக்கானது ஒன்றை இதற்காகவே வாங்கினேன். எதிரெதிர் மூலைகளாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கினால் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஒரே சீராக அமர்கிறது. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவது தட்டின் விளிம்பை வளைத்துக் கசிவைக் கூட்டும். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு 49 நியூட்டன் மீட்டர்.

நிரப்புவது டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே. நீண்ட கழுத்துள்ள புனல் வேண்டும். குழாய் குறுகலானதால் ஆயில் நிதானமாகத்தான் இறங்கும். வடித்த அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரைப் பி-யிலிருந்து (பார்க்கிங்) எல் (லோ) வரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்தி, மீண்டும் பி-க்குக் கொண்டுவந்த பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் டார்க் கன்வர்ட்டரில் இருந்து வடிந்த ஆயிலும் சேர்ந்து பொய்யளவு காட்டும். குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் சூடான நிலைக்கு ஒரு கோடும் டிப்ஸ்டிக்கில் உள்ளன. இறுதியாக நம்ப வேண்டியது, வண்டியை ஓட்டி ஆயில் 70 முதல் 80 டிகிரி வரை சூடேறிய பிறகு காட்டும் அளவை. குழாயின் சுவரில் புது ஆயில் வழிந்திருக்கும் என்பதால் குச்சியின் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் ஈரமாகும். தாழ்வான பக்கமே உண்மை. அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் முடிவு அழுத்தக் குறைவுதான்.

மூன்றரை லிட்டர் என்பது முழு ஆயில் அல்ல. மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. மொத்தம் சுமார் 8 லிட்டர் என்று கொண்டால், ஒருமுறை வடித்து நிரப்பினால் புது ஆயில் 44 சதவீதம், இரண்டாம் முறை 68, மூன்றாம் முறை 82. துரித ஆயில் மாற்றும் கடை ஒன்றில் இதைக் காட்டியே இயந்திரம் வைத்து முழுவதும் மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். ரேடியேட்டர் குழாயைக் கழற்றி, எஞ்சினை இயக்கி, பம்பையே கொண்டு பழைய ஆயிலை வெளித்தள்ளும் வழியைச் சிலர் வீட்டிலும் செய்கிறார்கள். ஒருவர் சாவியருகிலும் ஒருவர் புட்டியருகிலும் இருந்து, வெளியேறும் வேகத்துக்கு ஈடாக ஊற்றத் தவறினால் பம்ப் வறண்டு ஓடும். வயதான ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியருகே குழாயைப் பிடுங்குவதையும் நான் விரும்பவில்லை. முதல் ஆண்டில் சில மாத இடைவெளிகளில் வடித்து நிரப்பினேன். அதன் பிறகு ஏறத்தாழ 30,000 மைலுக்கு ஒருமுறை. பாதி பாதியாக மாற்றுவதில் கியர்பாக்ஸ் திடீர் மாற்றம் எதையும் சந்திப்பதில்லை என்பதும் எனக்கு ஒரு நிம்மதி.

பலன் என்ன என்றால், முதல் தடவைக்குப் பிறகு வண்டி புதிதாகப் பிறந்ததுபோல ஓடியது என்று நான் எழுத மாட்டேன். பனிக்காலக் காலைகளில் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது இருந்த சிறு உதறல் அடுத்தடுத்த மாற்றங்களில் படிப்படியாகத் தணிந்தது. ரிவர்ஸில் போட்டதும் பிடிப்பதற்கு எடுத்துக்கொண்ட சிறு தாமதம் அப்படியே இருக்கிறது; அது தேய்மானம், ஆயிலால் திரும்பாது. ஒவ்வொரு முறையும் வடியும் ஆயிலின் நிறம் முந்தையதைவிடத் தெளிவாக வருவதுதான் கண்ணால் காணக்கூடிய ஆதாரம். அடித்தட்டை மறுபடி கழற்றியபோது காந்தங்களின் பூச்சு மெல்லியதாகவே இருந்தது. ஆகவே இனி அதைத் தொடுவதாக இல்லை, துருவேறிய போல்ட்டுகளைத் தேவையில்லாமல் சோதிப்பானேன். பழைய ஆயிலை, வேறு எதையும் கலக்காமல், மூடிய புட்டிகளில் உதிரிபாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காசு வாங்காமல் பெற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் இன்னொரு டொயோட்டா பின்னாளில் வந்தது. அதில் டபிள்யூ.எஸ். ஆயில், டிப்ஸ்டிக் கிடையாது. ஆயிலின் வெப்பத்தை 40 டிகிரி அளவில் நிறுத்தி, வண்டி மட்டமாக உயர்ந்து நிற்க, எஞ்சின் ஓடும்போதே அடியிலுள்ள வழிகால் போல்ட்டைத் திறந்து, மிகுதி சொட்டி நிற்கும்வரை காத்திருந்து அளவைச் சரிசெய்ய வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் தூக்கி நிறுத்தும் வசதி என் டிரைவ்வேயில் இல்லாததால் அதைப் பணிமனையிலேயே விடுகிறேன். எவ்வளவு வடித்தார்கள், எவ்வளவு நிரப்பினார்கள், எந்த வெப்பநிலையில் அளவு பார்த்தார்கள் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.