"புதுப்பித்த" ஸ்டீம் ஓவன் வாங்கப் போறீங்களா? மூன்று மாதச் சம்பளம் போச்சு, படிச்சிட்டுப் போங்க

எரிச்சலோடுதான் எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய சாதனங்களைப் புதுப்பித்து விற்பதாகச் சொல்லும் ஓர் இணையத் தளத்தில் வாங்கிய ஸ்டீம் ஓவன். வந்து பதினேழு நாள் ஆகிறது. மூன்று மாதச் சம்பளம். பெயரைப் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்பதால் போடவில்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியதையெல்லாம் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

விற்றவர் ஒரு வீடியோ அனுப்பினார். இருபது நிமிடம் ஆவியில் ஓடியது என்று சொல்லிக் கதவைத் திறக்கிறார். குபீரென்று ஆவி வெளியே வருகிறது, உள்சுவரோ துளி ஈரமில்லாமல் பளபளக்கிறது. "அடித்தகட்டுக்குக் கீழே தனி ஹீட்டர் இருக்கு சார். சுவரை நூத்திப்பத்துக்கு ஏத்தின பிறகுதான் பாய்லரே ஆன் ஆகும்" என்றார். விழுந்தது அங்கேதான். அது சரியான பதில், வேலை தெரிந்தவன் வாயிலிருந்துதான் வரும். அன்றைக்கே முழுப் பணத்தையும் போட்டாயிற்று.

ஏன் சரியான பதில் என்றால், ஆவி உண்டாக்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 1.5 கிலோவாட் ஹீட்டர் இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். அந்த ஆவி எங்கே போய்த் திரும்பத் தண்ணீராகிறது என்பதில்தான் டிசைனே இருக்கிறது. ஒரு கிலோ ஆவி 100 டிகிரியில் தண்ணீராகும்போது 2257 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டும். உணவின் மேல் கொட்டினால் சட்டென்று வேகும், ஆறிக்கிடக்கும் சுவரின் மேல் கொட்டினால் தண்டம். உள்ளறையின் எவர்சில்வர் தகடு 10 கிலோ என்று வையுங்கள். அது 25 டிகிரியிலிருந்து 100க்கு ஏற 375 கிலோஜூல் வேண்டும். அவ்வளவையும் ஆவியே கொடுப்பதாக இருந்தால், வேக வைக்க ஆரம்பிக்குமுன்பே 165 மில்லி தண்ணீர் சுவரில் வழிந்திருக்கும். காய்ந்த சூட்டில் முதலில் 110க்கு ஏற்றிவிட்டால் சுவரில் துளி நிற்காது. உள்ளே காற்றும் ஆவியும் பாதிக்குப் பாதி இருக்கும்போது சுமார் 82 டிகிரிக்குக் கீழே உள்ள எந்த இடமும் வியர்க்கும். காற்று முழுக்க வெளியேறி ஆவி மட்டும் நின்றால் அந்த எல்லை 100. கதவுக் கண்ணாடியை இரட்டையாகவோ மூன்றாகவோ போட்டு உட்கண்ணாடியைச் சூடாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வந்த பெட்டியைப் பாருங்கள். வெறும் கம்பித்தட்டோடு 40 நிமிடம் ஓட்டியதில் தொட்டியில் 900 மில்லி குறைந்தது. ஓவனின் உள்தரையிலிருந்து பஞ்சால் ஒற்றிப் பிழிந்து அளந்தது 410 மில்லி. கிட்டத்தட்ட பாதி! மேல்தகடு நடுவில் லேசாகத் தொங்கியிருக்கிறது. ஒழுங்கான ஓவனில் மேல்தகட்டைச் சாய்வாக வைப்பார்கள், துளி பின்சுவர் பக்கம் ஓடி இறங்கிவிடும். இதில் துளிகளெல்லாம் நடுக்குழிக்கு வந்து, பருத்து, மூன்று நாலு நொடிக்கு ஒன்றாகத் தட்டின் நடுவில் சொட்டுகிறது. உணவை வைத்தால் நேரே அதன் தலையில்.

அடிமூடியைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. அடித்தகட்டின் கீழ்ப்புறத்தில் "ப" வடிவத்தில் சூடுபட்ட பழுப்புத் தடம், அதைச் சுற்றி ஹீட்டரை மாட்டும் நான்கு ஸ்டட் (திருகு முளை). ஹீட்டர் இல்லை. அதற்கு வந்த இரண்டு வயரையும் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருக்கிறார்கள். அப்படியானால் வீடியோ? பின்பக்கக் காற்றுச் சூட்டு ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. அதில் 150க்கு ஏற்றிவிட்டு, கடைசி ஒரு நிமிடம் மட்டும் பாய்லரைப் போட்டால் அச்சு அசலாக அந்த வீடியோவை நீங்களும் எடுக்கலாம். நானே எடுத்துப் பார்த்தேன்.

இதைவிட மோசம் மேலே இருக்கும் கூலிங் ஃபேன். உள்ளறையிலிருந்து வெளியேறும் ஆவியோடு அறைக்காற்றை நிறையக் கலந்து தள்ளுவது அதன் வேலை. அப்படிக் கலந்தால்தான் ஆவி, ஓவனை இயக்கும் மின்னணு போர்டின் மேல் படியாமல் போகும். அதனால் ஓவனை அணைத்த பிறகும், சூடு இறங்கும்வரை அது ஓட வேண்டும். இங்கே, சூட்டைப் பார்த்து ஆன்-ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட்டுக்குப் போக வேண்டிய வயரை மெயின் ஸ்விட்சில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அணைத்த நொடியே ஃபேனும் நிற்கிறது. தரையில் தேங்கிய வெந்நீரின் ஆவி நேராக மேலேறி போர்டில் படிகிறது. ஐந்தாம் நாள் டிஸ்ப்ளேயின் உள்ளே பனி. ஒன்பதாம் நாள் பட்டன் தானாக அமுங்குகிறது. பன்னிரண்டாம் நாள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக் ஸ்விட்ச் விழ ஆரம்பித்தது. ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. முனையில் சீல் விட்டுப்போனால் உள்ளே ஈரம் இறங்கி மின்சாரம் ஓவனின் உலோக உடம்புக்குக் கசியும். சூடு வெளியேறாமல் சுவரைச் சுற்றி வைத்திருக்கும் கிளாஸ்வூலை (கண்ணாடிப் பஞ்சு) கிள்ளி அமுக்கினால் விரலில் தண்ணீர் வருகிறது. ஈரமான கிளாஸ்வூல் சூட்டைத் தாங்கி நிறுத்தாது, சுவர் இன்னும் ஆறும், இன்னும் வியர்க்கும்.

இதற்கு விற்றவரிடமிருந்து வந்த பதில்கள்தான் உச்சம். இரண்டாம் நாள்: "ஆவின்னா ஈரம் இருக்கத்தானே சார் செய்யும்." நாலாம் நாள்: "கதவை நல்லா அழுத்தி மூடுங்க." ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1670 லிட்டர் ஆவியாகும் ஐயா, மிச்சம் வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும், இது குக்கர் இல்லை. அடுத்து, "தண்ணில உப்பு ஜாஸ்தி, வேற தண்ணி ஊத்துங்க." உப்பு பாய்லரில் படியும், ஹீட்டரை மூடும், சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்அவுட்டை விழ வைக்கும். சுவரை வியர்க்க வைக்காது. அதன்பின் போனே எடுக்கவில்லை.

தளத்துக்காரர்கள் இன்னும் நேர்த்தி. முதலில் "திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது." இரண்டாம் நாளே போட்ட புகாரின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும், "பழுது இருப்பதற்கு ஆதாரம் தேவை." ஹீட்டர் இல்லாத அடித்தகட்டின் படத்தை அனுப்பியதும், "சாதனம் திறக்கப்பட்டதால் உத்தரவாதம் ரத்து." திறக்காமல் எப்படிக் காட்டுவதாம்? மூன்று மாதச் சம்பளத்துக்கு மூன்று பதில். புது ஹீட்டர், போர்டு, கிளாஸ்வூல் எல்லாம் மாற்றினால் இன்னொரு மாதச் சம்பளம் ஆகும் என்கிறார் சர்வீஸ் ஆள்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை போய்விட்டது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடியோவை நம்பாதீர்கள். ஆறிக்கிடக்கும் ஓவனை உங்கள் கண்முன்னே ஆவியில் போடச் சொல்லுங்கள், காற்றுச் சூட்டில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தால் அது சோதனையே இல்லை. தண்ணீரை அளந்து ஊற்றி, தரையில் நிற்பதையும் அளந்து பாருங்கள். அணைத்த பிறகு ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேளுங்கள். 304 எவர்சில்வர் (காந்தம் ஒட்டாத ரகம்) என்று அடித்துச் சொன்னால் தட்டையான இடத்தில் காந்தத்தை வையுங்கள், கப்பென்று பிடித்தால் 304 இல்லை (வளைவில் லேசாக இழுக்கலாம், அது பரவாயில்லை). அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஆறு ஸ்க்ரூதான். மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.