ஹம்பியா பாதாமியா? பொங்கல் லீவுக்கு எது தாங்கும்

பொங்கல் லீவுக்கு எங்க போறதுன்னு எங்க வீட்ல ஒரு வாரமா பஞ்சாயத்து. மச்சான், அதாவது தங்கச்சி வீட்டுக்காரரு, ஹம்பின்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. என் பொண்டாட்டி பாதாமிக்கே இன்னொரு தடவ போலாங்குறா. எங்கம்மா, "அம்மாந்தூரம் போயி இடிஞ்ச கோயிலதான் பாக்கணுமா, திருவொத்தியூர்ல வடிவுடையம்மன கும்புட்டு வந்து வீட்ல படுங்கடா"ன்னு முடிச்சுடுச்சு. ரெண்டும் கர்நாடகாவுல பழைய கோயிலுங்க இருக்குற ஊரு. நான் ரெண்டு எடத்துக்கும் போனவன், ஹம்பிக்கு செட்டு பசங்களோட, பாதாமிக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு, அதனால தீர்ப்பு சொல்ற வேல என் தலையில.

மொதல்ல வழி. 1856ல தென்னிந்தியாவோட மொத ரயில் கெளம்புனது நம்ம ராயபுரத்துலேந்துதான், பெருமையா சொல்லிக்கலாம், ஆனா தண்டையார்பேட்டைக்காரன் இன்னிக்கு ஹம்பிக்குப் போகணும்னா சென்ட்ரலுக்குப் போயி (இல்ல பெரம்பூர்ல நிக்கிற வண்டியா பாத்து ஏறி) பெங்களூர்ல எறங்கி ராத்திரி வண்டிக்கு மாறணும். ஹம்பி எக்ஸ்பிரஸ் ஹொசப்பேட்டையில விடும், கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமியில விடும். ரெண்டுக்கும் ஒரு ராத்திரி தூக்கம் காலி, இதுல ஜெயிச்சவன் தோத்தவன் கெடையாது.

வித்தியாசம் எறங்குனப்புறம்தான். ஹொசப்பேட்டையிலேந்து ஹம்பி 13 கிலோமீட்டர், டவுன் பஸ்சு வந்துக்கிட்டே இருக்கும். பாதாமியில ஸ்டேஷனே ஊருக்கு வெளிய அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, அங்கேந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அதுக்கும் தாண்டி ஐஹோளே, ரெண்டும் பாதாமியோட சேத்துப் பாக்குற பழைய கோயில் ஊருங்க. பஸ்ஸ நம்புனா பாதி நாள் மரத்தடியிலயே போயிடும், காலையிலயே ஒரு வண்டி பேசிக்கணும். நாங்க பேசுன ஆட்டோக்காரரு ஐஹோளேல எறங்குனதும் "வெயிட்டிங் தனி"ன்னாரு, என் பொண்டாட்டி அரகொற கன்னடத்துல சண்ட போட்டு பாதியா கொறச்சா. பாதாமில பணம் வண்டிக்குப் போவும், ஹம்பில காலு போவும்.

காலுன்னு சும்மா சொல்லல. ஹம்பிங்கறது கோயில் இல்ல, ஒரு தலைநகரமே. 1336ல தொடங்குன விஜயநகரம், 1565 தலைக்கோட்டைச் சண்டைக்கு அப்புறம் பாழாப் போச்சு, அந்த மிச்சம் 40 சதுர கிலோமீட்டருக்கு மேல பாறைக்கும் வாழத்தோப்புக்கும் நடுவுல எறஞ்சு கெடக்கு. விட்டலர் கோயில் கல்லுத்தேரத்தான் அம்பது ரூவா நோட்டுல போட்டிருக்காங்க, எல்லாரும் நோட்ட நீட்டி தேரோட சேத்து போட்டோ எடுக்குறாங்க, நாங்களும் எடுத்தோம், வெக்கம் இன்னா. ஆனா அங்க நெரிசல் ஜாஸ்தி, இசைத்தூண தட்டவும் விடமாட்டாங்க.

என்னைக் கேட்டா ஹம்பியில ரெண்டே எடம் போதும், ரெண்டு நாளும் அதுக்கே செலவு பண்ணலாம். ஒண்ணு, மகாநவமி மேடைக்குப் பக்கத்துல இருக்குற படிக்கட்டுக் கொளம். கறுப்புக் கல்லு, முக்கோணம் முக்கோணமா எறங்குது. கிட்ட குனிஞ்சு பாத்தா ஒவ்வொரு கல்லுலயும் எந்தப் பக்கம் எந்த வரிசைன்னு கொத்தனாருங்க செதுக்குன குறி இருக்கு, நம்ம ஹார்பர்ல பொட்டி மேல பெயிண்ட்ல நம்பர் எழுதுவாங்கல்ல அப்டி, கல்ல வெளிய செதுக்கிக் கொண்டாந்து இங்க மாட்டியிருக்கான். இன்னொண்ணு விருபாக்ஷர் கோயில். பூசை நடக்குற கோயில்தான், பின்னாடி ஒரு இருட்டு ரூம்புல சின்ன ஓட்ட வழியா ராஜகோபுரத்தோட நெழலு செவுத்துல தலகீழா விழுது. ஓட்டைய கையால மறைச்சா கோபுரம் போயிடும், எடுத்தா வந்துடும், எங்க செட்டுல ஒருத்தன் பத்து தடவ மறைச்சு மறைச்சுப் பாத்தான்.

பரிசல்ல ஒரு ரவுண்டு போனோம். காசிமேட்டுல பொறந்து கடல்ல பைபர் போட்டுல போயி வர்ற பையன், துங்கபத்திரையில பரிசல்காரரு ரெண்டு சுத்து சுத்துனதும் வாந்தி எடுத்துட்டான். இன்னி வரைக்கும் ஓட்டுறோம்.

இப்ப பாதாமி. மொதல்லயே சொல்லிடுறேன், படத்துல பாத்தா ஹம்பி மாதிரி ஷோக்கா இருக்காது, சிவப்புப் பாறையில நாலு குகை, கீழ ஒரு ஏரி, அவ்ளோதான் தெரியும். ஆனா தமிழனுக்கு அந்த ஊருல ஒரு கணக்கு இருக்கு. பாதாமிதான் வாதாபி, சாளுக்கியனோட தலைநகரம். சாளுக்கியனுக்கும் பல்லவனுக்கும் நடந்தது அப்பட்டமான ஏரியா சண்டை. ஐஹோளே மேகுடி கோயில் செவுத்துல சாளுக்கியனோட புலவன் ரவிகீர்த்தி 634ல வெட்டுன கல்வெட்டு இருக்கு, எங்க ராஜா புலிகேசி படை கெளப்புன புழுதியில பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சான்னு அதுல பீத்தியிருக்கான். எட்டே வருசம், 642ல நரசிம்மவர்மன் நேரா வாதாபிக்கே வந்து ஊரப் புடிச்சுட்டான், அவன் கல்வெட்டும் பாதாமி பாறையில இருக்கு. அந்த மாமல்லன் பேருலதான் நம்ம மாமல்லபுரம்.

அதோட முடியல. நூறு வருசம் கழிச்சு சாளுக்கிய ராஜா ரெண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியப் புடிச்சான், புடிச்சவன் கோயில இடிக்காம கைலாசநாதர் கோயில் சொத்த கோயிலுக்கே திருப்பிக் குடுத்துட்டு அத கன்னடத்துலயே அங்க கல்வெட்டா வெட்டிட்டுப் போனான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டுனதுதான் பட்டடக்கல் விருபாக்ஷர் கோயில். உள்ள நொழஞ்சதும் எங்கம்மா, "இது நம்ம காஞ்சிபுரம் கோயில் மாதிரி இருக்கேடா"ன்னுது. ஒரு கைடும் சொல்லல, அதுவாத்தான் சொல்லுச்சு. எனக்கு அங்க சிலிர்த்துடுச்சு.

பட்டடக்கல்லு வயசானவங்களுக்கும் சௌகரியம், முக்காவாசி கோயிலும் ஒரே காம்பவுண்டுல, புல்தரை, நிழல். பாதாமி குகைக்கு மட்டும் படி ஏறணும். அம்மா மூணாவது குகை வரைக்கும் வந்துச்சு, 578ல வெட்டுனது, நாலுலயும் அதான் பெருசு, பாம்பு மேல உக்காந்த விஷ்ணு ஆளு உசரத்துக்கும் மேல. அதப் பாத்துக்கிட்டு நிக்கிறப்பதான் ஒரு கொரங்கு வந்து புளிசாதப் பையத் தூக்குச்சு. டப்பாவ தொறந்து பொறுமையா சாப்ட்டுச்சு, அம்மா அழாத கொற. கைல பை வச்சிருக்காதீங்க, அம்புட்டுதான்.

சாப்பாடு ரெண்டு பக்கமும் ஜோள ரொட்டி, கத்திரிக்கா கறி. ரெண்டு நாள் நல்லாதான் இருக்கும், மூணாவது நாள் காலைல நாஸ்டாவுக்கும் அதே வந்தா பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைய நெனச்சு நாக்கு ஊறும். ஹம்பில கோயிலச் சுத்தி கறி மீனு கெடையாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தங்குற எடங்கள 2020ல இடிச்சுட்டாங்க, அதனால பழைய பயணக் கதையப் படிச்சுட்டு அங்க ரூம்பு தேடாதீங்க, ஹொசப்பேட்டையிலயே தங்குங்க.

ரெண்டையும் சேத்து மூணு நாள்ல அடிச்சுடலாம்னு மச்சான் இன்னொரு பிளான் போட்டாரு. ஹம்பிக்கும் பாதாமிக்கும் நடுவுல கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், ரெண்டு இடத்தையும் வண்டி ஜன்னல் வழியாத்தான் பாப்பீங்க. பேஜாரு.

என் ஓட்டு: பசங்களோட, நடக்கத் தெம்பு இருக்கு, போட்டோவும் வேணும்னா ஹம்பி. வீட்டுப் பெரியவங்களோட, ரெண்டே நாள்னா கண்ண மூடிக்கிட்டு பாதாமி, ஏன்னா அது ரெண்டு நாள்ல முடியும், ஹம்பி பாதியிலதான் நிக்கும். ஏப்ரல், மே மாசத்துல மட்டும் ரெண்டும் வேணாம், அந்தப் பாறைச் சூட்ட வார்த்தையில சொல்ல முடியாது. லீவு ஒரே நாள்தான்னா மாமல்லபுரம் போயிட்டு ராத்திரிக்கு வீடு திரும்பிடலாம், மாமல்லன் கதைய அங்கேந்து ஆரம்பிச்சா பாதாமி இன்னும் ருசிக்கும்.

மச்சான் இதையெல்லாம் கேட்டுட்டு ஹம்பிக்கே டிக்கெட் போட்டுட்டாரு, வெயிட்டிங் லிஸ்ட்டு. அம்மா மட்டும் நேத்து ராத்திரி தனியா கேட்டுச்சு, "டேய், அந்தப் புல்தரை கோயிலுக்கு எப்படா போறோம்?"