ஒரே அளவு லாடத்தோடு வருபவரிடம் குதிரையை ஒப்படைக்காதீர்கள்

குளம்புக்கு ஏற்றவாறு லாடத்தை வளைப்பதே முறை. லாடத்துக்கு ஏற்றவாறு குளம்பைச் சீவும் ஒருவரிடம் எங்கள் லாயத்துக் குதிரைகள் அகப்பட்டுப் பட்ட துன்பத்தை, மற்றவர்கள் தவிர்த்துக்கொள்வதற்காக எழுதுகிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்று, பாரவண்டி இழுக்கும் கனத்த குதிரை ஒன்று, ஒரு மட்டக் குதிரை ஆகிய மூன்றையும் எங்கள் லாயத்தில் வளர்க்கிறோம். எல்லா இனங்களுக்கும் லாடம் அடித்துப் பழகியவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தவரின் பையில், ஏறக்குறைய ஒரே அளவில் வார்த்த ஆயத்த லாடங்களே இருந்தன.

தரோபிரெட்டின் குளம்புச் சுவரும், குளம்பின் அடிப்பரப்பான அடித்தோலும் பெரும்பாலும் மெல்லியவை. ஆணி அடிக்கக் கிடைக்கும் இடம் குறைவு என்பதால் அங்கே மிகுந்த கவனம் வேண்டும். அவரோ குதிரையை ஓரடிகூட நடக்கவிட்டுப் பார்க்காமல், குளம்பைவிடச் சிறிய லாடத்தை வைத்து அடித்துவிட்டு, வெளியே துருத்திய முன்பகுதிச் சுவரை அரத்தால் ராவி லாடத்தின் விளிம்போடு சமப்படுத்தினார். பார்ப்பதற்கு வேலை மிக நேர்த்தியாகத் தெரியும். ஆனால் குளம்பின் ஈரத்தைக் காக்கும் மேற்பூச்சும், ஆணியைப் பிடித்து நிற்கும் கெட்டியான சுவரும் அதில் போய்விடுகின்றன.

அதைவிடக் கொடுமை ஆணியில் நேர்ந்தது. சுவரும் அடித்தோலும் சேருமிடத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு உட்புறம் உணர்வுள்ள சதை இருப்பதால், ஆணி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது; சுவரின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அது வெளியே வர வேண்டும். உள்பக்க ஆணி ஒன்றை அடிக்கும்போது குதிரை ஒவ்வோர் அடிக்கும் காலை இழுத்தது. அந்த நொடியிலேயே ஆணியைப் பிடுங்கி, துளையில் அயோடின் விட்டு, மீண்டும் அங்கே ஆணி வைக்காமல் உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்வதுதான் நேர்மையான தொழிலாளியின் கடமை. இவர் குதிரைக்குக் குறும்பு அதிகம் என்று சொல்லி, சுத்தியலின் காம்பால் அதன் வயிற்றில் குத்திவிட்டு மேலே அடித்தார்.

மறுநாள் குதிரை நொண்டியது. குளம்பு சுட்டது, கணுக்காலின் பின்புறம் நாடித் துடிப்பு விரலுக்குப் பலமாகத் தட்டுப்பட்டது. கேட்டபோது, புது லாடம் பழகச் சில நாள் ஆகும் என்றார். சரியாக அடித்த லாடத்தில் குதிரை நொண்டாது என்பதால் அந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கால்நடை மருத்துவர் வந்து லாடத்தைக் கழற்றியபோது அந்த ஆணித் துளையிலிருந்து கருத்த சீழ் வடிந்தது. டெட்டனஸ் நோய்க்குக் குதிரைகள் எளிதில் இரையாகும் என்பதால், முதல் வேலையாக அதற்கான ஊசியையும் போட்டார்.

பாரக் குதிரையின் அகன்ற குளம்புக்கு அகலமும் நீளமும் போதாத லாடத்தை அடித்திருந்தார். குதிகால் தாங்கலின்றி வெளியே நின்றது. குளம்பு வளர வளர லாடம் முன்னே நகர்ந்து, அதன் முனை குதிகாலுக்குள் அழுந்திப் புண்ணாக்கும். மிருதுவான தரையில் மட்டும் உலவும் மட்டக் குதிரைக்குக் குளம்பை வெட்டிச் சீராக்கினாலே போதும். அதற்கும் தேவையில்லாமல் லாடம் அடித்துக் கூலி வாங்கினார்.

பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் விசாரிக்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. வருபவர் குதிரையைச் சமதளத்தில் நடக்கவிட்டு, முன்னாலும் பக்கவாட்டிலும் நின்று பார்க்கிறாரா, லாடத்தைப் பட்டடைக் கல்லில் வைத்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் தொட்டு எடுக்கும்போது எழும் புகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது சில நொடிகளே நீடித்தால் குதிரைக்கு வலிக்காது.

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையே வளர்வதால், ராவிப்போன முன்பகுதி முழுதாக மாற ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை தரோபிரெட்டை லாடமின்றி மிருதுவான தரையிலேயே வைத்திருக்கிறோம். மற்ற இரண்டின் லாடங்களையும் வேறொருவர் கழற்றிவிட்டார். முன்னவர் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. கூலியைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டு, அதே பையோடு மற்ற லாயங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.