டெல்லியில் ‘ஸ்நோ டயர்’ வாங்கி சிம்லா மலையில் வழுக்கிய கதை

பனி பார்க்க சிம்லா, குஃப்ரி, மணாலி என்று சின்ன காரில் கிளம்ப நினைக்கும் டெல்லி, நொய்டா, குர்கான் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 டிசம்பரில் மொத்தம் 33,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பின் சீட்டில் மனைவியும் பையனும் மாமியாரும் இருந்தார்கள்.

எங்களுடையது 2019 மாடல் வேகன்ஆர், 1.2 லிட்டர். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு, சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. ஆர்.கே.புரத்திலிருந்து அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர், எப்போதாவது ஜெய்ப்பூர், அவ்வளவுதான் அதன் உலகம். பையன் பனியைப் பார்த்ததில்லை, மாமியாரும் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சிம்லா போய், அங்கிருந்து நார்க்கண்டா வரை போகலாம் என்று முடிவானது. அலுவலகத்தில் ஒருவர், “மலைக்குப் போறதுக்கு முன்னாடி டயரை ஒரு தடவை காட்டிடுங்க” என்றார். நல்ல யோசனைதான். நான் காட்டிய இடம்தான் தப்பு.

கரோல் பாக் பக்கம் ஒரு கடை. பெயர் சொல்லப்போவதில்லை, வழக்கு வம்பு எனக்கு வேண்டாம். வாசலில் வரிசையாகக் கார்கள், உள்ளே டயர் அடுக்கு, கல்லாவில் ஒரு பெரியவர். டீ கொடுத்தார். “ஷிம்லாவா? டிசம்பரிலா? இந்த டயரிலா?” என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, என் வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். “இம்போர்ட்டட் ஸ்நோ டயர் சார், யூரோப்பில் எல்லாரும் இதுதான் போடுகிறார்கள்.” பக்கவாட்டில் எம் கூட்டல் எஸ் என்று அச்சாகியிருந்ததைக் காட்டினார். மட் அண்ட் ஸ்நோ, சேறும் பனியும் என்று அர்த்தம் சொன்னார். அர்த்தம் சரிதான். என் அளவு 165/70 ஆர்14 (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்). அவர் கொடுத்தது 185/65 ஆர்14. “அகலம் அதிகம், பிடிப்பும் அதிகம்” என்றார். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஒரு டயர் 6,800. என் பழைய டயர்களை ஒன்று 600 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். 2022ல் மாற்றிய டயர்கள் அவை. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, பாதிக்கு மேல் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அத்தோடு விடவில்லை. “ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கவலையே வேண்டாம், போட்டுவிடலாம்” என்று தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டுகிற சாக்கெட்டில் அதைச் செருகினார். பச்சை விளக்கு மினுக்கியது. 7,500 ரூபாய். பனியில் உறையாது என்று நைட்ரஜன் காற்றுக்கு 400. அலைன்மென்ட், பேலன்சிங் 900. பில் கேட்டேன். வெள்ளைத் தாளில் ‘டயர் 4’ என்று எழுதி, மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை. யுபிஐயில் பணம் அனுப்பியபோது கடையின் பெயருக்குப் பதில் வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டே அனுப்பினேன்.

சிம்லா வரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் குஃப்ரி தாண்டி ஃபாகு பக்கமாக இறங்குகிறோம். முந்தின நாள் விழுந்த பனியைச் சாலையிலிருந்து தள்ளியிருந்தார்கள். வெயில் பட்ட இடமெல்லாம் காய்ந்த தார். தேவதாரு மரங்களின் நிழல் விழுந்த ஒரு வளைவில் மட்டும் தார் லேசாகப் பளபளத்தது. ஈரம் என்று நினைத்தேன், அது கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டி. வேகம் இருபதுகூட இருக்காது. பிரேக்கில் கால் வைத்ததும் காலுக்கடியில் கடகடவென்று ஏபிஎஸ் உதறியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் மலைப்பக்கத்து ஓடையில் முன் சக்கரம் இறங்கி நின்றது. பம்பர் உடைந்தது, யாருக்கும் அடியில்லை. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு. அதைப் பற்றி மாமியார் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பச்சை விளக்கு மட்டும் நிதானமாக மினுக்கிக்கொண்டே இருந்தது.

பின்னால் ஒரு பிக்கப் வண்டியில் வந்த உள்ளூர்க்காரர்கள் இறங்கி, கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அதில் வயதானவர் குனிந்து டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். என்னையும் அழுத்தச் சொன்னார். நகம் இறங்கவில்லை, ஸ்லேட்டுப் பலகை மாதிரி இருந்தது. “இது எந்த வருஷத்து டயர்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 1418. 2018ம் ஆண்டின் 14வது வாரத்தில் செய்தது. புத்தம் புதிது என்று எனக்கு விற்ற டயருக்கு ஆறரை வயது. பட்டன் முழுசாக இருந்ததால் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகும், இறுகும். மனைவி மெதுவாகக் கேட்டாள்: “டயர்ல எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பார்த்துதானே வாங்கினீங்க?”

அன்று நார்க்கண்டா போகவில்லை. பையன் சாலையோரமாகவே பனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டெல்லி திரும்பியதும், மானேசரில் வாகன உதிரிபாகத் துறையில் இருக்கும் என் மைத்துனரிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். திருப்புளியால் நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு சின்ன போர்டு, ஒரு எல்இடி. அந்த சாக்கெட்டில் 16 ஊசிகளுக்கு இடம் உண்டு. 16வது ஊசி பேட்டரி மின்சாரம், 4வது எர்த். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச 6வதும் 14வதும் வேண்டும். இந்தப் பெட்டியில் 16க்கும் 4க்கும் மட்டும்தான் ஒயர் போயிருந்தது. அதாவது அது விளக்கு எரிவதற்கான பெட்டி, வேறொன்றுமில்லை. “மாமா, சீரியல் பல்புகூட இதைவிட நல்லா எரியும்” என்றார்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கடையில் டீயோடு எழுந்து வந்திருப்பேன். ஏபிஎஸ்ஸின் வேலை, பிரேக் அழுத்தத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்போது அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டுப் பிடிப்பது. ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் அதற்குத் தலைகீழ். நாம் பிரேக்கைத் தொடாதபோதே, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் வழுக்கிச் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் போட வேண்டும், இன்ஜின் இழுவையையும் குறைக்க வேண்டும். அதற்கு பிரேக் எண்ணெயைத் தானே அழுத்தும் பம்ப்பும் கூடுதல் வால்வுகளும் உள்ள யூனிட் தேவை, அது சொன்னால் கேட்கிற மாதிரி இன்ஜின் கம்ப்யூட்டரும் வேண்டும். வண்டி திசை மாறி வழுக்காமல் காக்கும் இஎஸ்பி என்றால் இன்னும் ஒரு படி மேலே: ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் சென்சார்கள். இதெல்லாம் தொழிற்சாலையில் வண்டியோடு வருபவை. சாக்கெட்டில் செருகி வருவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அசல் ட்ராக்‌ஷன் கண்ட்ரோலே இருந்திருந்தாலும் அந்த வளைவில் எனக்கு உதவியிருக்காது. அது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வேலை செய்வது. நான் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். இஎஸ்பி இருந்தால் வளைவில் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் எதுவானாலும் டயருக்கும் தரைக்கும் இடையில் இருக்கிற பிடிப்பைப் பங்குபோட்டுத் தருமே தவிர, இல்லாத பிடிப்பை எங்கிருந்தும் கொண்டுவராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சரி, டயர் விஷயம். எம் கூட்டல் எஸ் என்பது பட்டனின் அமைப்பை வைத்து டயர் கம்பெனி தானாகப் போட்டுக்கொள்ளும் எழுத்து. பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறியதற்கான அடையாளம் வேறு: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. அந்தப் படம் இல்லையென்றால், கடைக்காரர் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள். குளிர்கால டயரின் ரப்பரே வேறு. சாதாரண டயர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், குளிர்கால டயர் மெத்தென்றே இருக்கும். அதன் பட்டன்களில் பிளேடால் கீறியது போல் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், அவைதான் பனியைக் கவ்வுகின்றன. அகலம் அதிகம் என்பதும் தார் ரோட்டுக்கான பேச்சு. இளகிய பனியில் ஒல்லி டயர் கீழே அறுத்துக்கொண்டு இறங்கும், அகல டயர் மேலே மிதக்கும். சின்ன கார்களோடு வருகிற ஒல்லி டயரைப் பனிக்காக அகலமாக்குவது காசு கொடுத்துப் பிடிப்பைக் குறைத்துக்கொள்வது.

இந்தியாவில் விற்கிற கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். அதனால் சின்ன கார் அளவில் அசல் பனி டயர் சந்தைக் கடையில் அடுக்கி வைத்திருப்பது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. என் டயர்களில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடினேன், இல்லை. நைட்ரஜனைப் பற்றி என்ன சொல்ல. நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். குளிரில் சாதாரணக் காற்று எப்படிச் சுருங்குமோ அப்படித்தான் அதுவும் சுருங்கும்.

நிஜமாகவே பனிக்கட்டியில் போக வேண்டியிருந்தால் சின்ன காருக்கு டயர் மேல் சுற்றி மாட்டும் சங்கிலிதான் வழி என்று அந்தப் பிக்கப் பெரியவர் சொன்னார். நம் கார்களில் இழுவை முன் சக்கரத்தில் என்பதால் சங்கிலியும் முன்னால்தான். ஆனால் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். யாராவது முன்னால் இரண்டு மட்டும் பனி டயர் போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். முன்பக்கம் பிடித்து நிற்கும், பின்பக்கம் வீசிவிடும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை நம்பி இறங்காதீர்கள். இது எனக்கும் தெரியும், அன்று மூன்றாவதில் இருந்தேன். அந்தத் தப்பைக் கடைக்காரர் தலையில் போட முடியாது.

உங்கள் வண்டியில் அசல் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்து, பனியில் சக்கரம் புதைந்துவிட்டால், அது இன்ஜினை அடக்கி வண்டியை நகரவே விடாமல் செய்யலாம். அப்போது மட்டும் வழுக்கும் கார் படம் போட்ட பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். மணாலி போகிறவர்களுக்கு இன்னொன்று: பனி விழுந்தால் மணாலிக்குச் சற்று மேலே உள்ள நேரு குண்ட் என்ற இடத்திலேயே போலீஸ் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டிகளை மட்டும் மேலே விடுவது வழக்கம். நீங்கள் என்ன டயர் போட்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். பெரியவர் என்னை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தார். டயரைக் காட்டினேன். “ஓட்டிவிட்டீர்களே, எப்படித் திரும்ப எடுப்பது?” பெட்டியைக் காட்டினேன். “திறந்துவிட்டீர்களே.” என் பழைய டயர்களாவது கிடைக்குமா என்றால் அன்றைக்கே விற்றுவிட்டாராம். நான் குரலை உயர்த்தியதும் கல்லாவைத் திறந்து 400 ரூபாயை எடுத்து நீட்டினார். நைட்ரஜன் பணம். ஏன் அதை மட்டும் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். வெள்ளைத் தாளையும் யுபிஐ ரசீதையும் அனுப்பினேன். ரசீதில் இருக்கிற நபர் கடையைச் சேர்ந்தவர் இல்லை என்று கடைக்காரர் பதில் எழுதியிருக்கிறார். இனி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். டயர்களின் பக்கவாட்டு, பெட்டியின் உள்பாகம், உடைந்த பம்பர் எல்லாவற்றுக்கும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

வண்டிக்கு மறுபடி 165/70 ஆர்14 போட்டாயிற்று, இந்த முறை நான்கு எண்களைப் படித்துவிட்டு, ஜிஎஸ்டி பில்லோடு. அந்த நான்கு ‘ஸ்நோ’ டயர்களும் சாட்சிப் பொருளாக பால்கனியில் அடுக்கியிருக்கின்றன. பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ஒன்றுக்கு நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். வழக்கு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.